ஒரு வீடு, இரண்டு பஞ்சாங்கம்

கேள்வி: எனக்குத் திருமணமாகி மூன்று வருடம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் மாமியோடு இருக்கிறோம். மாமிக்கு வாக்கிய பஞ்சாங்கம்தான் வேதம். என் அப்பாவோ திருக்கணிதத்தைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். போன சித்திரை வருடப்பிறப்புக்கு நான் அப்பா சொன்ன நேரத்தில், மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகிவிட்டேன். மாமி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை அம்மாவும் அப்பாவும் எங்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கணவரைக் கேட்டால், "எதுவானாலும் எனக்குச் சரி" என்கிறார். எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது?
– ஒரு வாசகி, கொழும்பு

பதில்: அன்புள்ள பிள்ளைக்கு,

எங்கள் வீட்டிலும் இதே கூத்துத்தான். அப்பு ஒரு பஞ்சாங்கம், அம்மம்மா மற்றது. சண்டைக்குப் பயந்து நாங்கள் பிள்ளைகள் ஒரே நாளில் இரண்டு தரம் முழுகியிருக்கிறோம். தடிமன் பிடித்ததைத் தவிர வேறு கேடு வரவில்லை.

எது சரி என்ற வாதத்தை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். வாக்கியம் பழைய வாக்கியச் சூத்திரங்களை வைத்துக் கணிப்பது; திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கோடு திருத்திக்கொண்டது. சூரியன் மேடராசிக்குள் நுழைவது ஒரு முறைதான், கணக்குத்தான் இரண்டு. அதைச் சாப்பாட்டு மேசையில் தீர்த்துவைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஆனால் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மருத்துநீர் வைக்க வேண்டியது வருடம் பிறக்கும் அந்த நிமிடத்தில் அல்ல, விஷு புண்ணியகாலத்தில். அது பிறப்புக்கு முன் நான்கு மணி, பின் நான்கு மணி, ஆக எட்டு மணி நேரம். பேச்சுக்கு, ஒரு பஞ்சாங்கம் வருடப்பிறப்பு அதிகாலை 2 மணிக்கு என்கிறது, மற்றது 3 மணிக்கு என்கிறது என்று வையுங்கள். ஒன்றின் புண்ணியகாலம் முன்னிரவு 10 முதல் காலை 6 வரை, மற்றதன் புண்ணியகாலம் 11 முதல் 7 வரை. இரவு 11 முதல் காலை 6 வரை இரண்டுக்கும் பொது! விடிய ஐந்து மணிக்கு எல்லாரும் முழுகினால் மாமியும் சரி, அப்பாவும் சரி. இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இந்த வருடத்துப் பொது நேரத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்தப் பென்சிலை அப்பாவின் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்.

மருத்துநீர் வைக்கும்போது தலையிலும் காலடியிலும் வைக்கும் இலையில் ஒரு சிக்கல் வரலாம். தலைக்குக் கொன்றை, காலுக்குப் புங்கு என்று ஒன்று சொல்ல, மற்றது வேறு இலை சொல்லும். உடுப்பின் நிறமும் அப்படித்தான். இதில் மாமி சொன்னபடியே செய்யுங்கள். கோயிலில் மருத்துநீர் வாங்கும்போதே இலைக்கும் சொல்லி வையுங்கள். தொடர்மாடியில் புங்க மரத்துக்கு எங்கே போவது? மருத்துநீரை ஒரு போத்தலில் வாங்கினால் போதும். தாழம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு என்று போட்டு ஐயர் காய்ச்சிய அந்த நீர் இரு பஞ்சாங்கத்துக்கும் ஒன்றுதான்.

அதைத் தலையில் வைப்பது யார்? வீட்டில் மூத்தவர். என் கணிப்பில், போன வருடம் மாமிக்கு நொந்தது பஞ்சாங்கத்தால் அல்ல. ஊரில் முற்றமும் கிணற்றடியும் அவருடையவை. இங்கே சமையலறையில் பாதிகூட அவருடையது இல்லை. வருடத்தில் ஒருநாள் எல்லாரும் தலை குனிந்து தன்முன் நிற்பார்கள் என்று காத்திருந்த மனுசிக்கு, நீங்கள் ஈரத் தலையோடு வந்து நின்றிருக்கிறீர்கள். இந்த முறை உங்கள் தலையை முதலில் நீட்டுங்கள்.

கைவிசேஷத்தை அப்பாவுக்கு விடுங்கள். அதற்குப் பஞ்சாங்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சுபநேரம் போடுவது வழக்கம். வெற்றிலையில் பணம் வைத்து அப்பா தன் நேரத்தில் கொடுக்கட்டும், மாமி தன் நேரத்தில் கொடுக்கட்டும். இரண்டு தரம் காசு கிடைத்ததற்கு யாரும் முறைப்பாடு வைப்பதில்லை. பொங்கலைக் காஸ் அடுப்பில் பொங்கி, பல்கனியில் சூரியனுக்குப் படைக்கலாம். பயற்றம் பணியாரத்தை உங்கள் அம்மாவிடம் ஒப்படையுங்கள், மாமிக்கு அரியதரம் பாகு பார்க்கும் வேலை இருக்கிறது. ஒரே தாச்சியில் இருவரையும் விடாதீர்கள். அங்கே எந்தப் பஞ்சாங்கமும் உதவாது.

கடைசியாக, "எதுவானாலும் சரி" என்கிற உங்கள் கணவர். பொது நேரத்தைக் கண்டுபிடித்த பிறகு அதை மாமியிடம் சொல்ல வேண்டியது அவர், நீங்கள் அல்ல. வருடப்பிறப்பன்று காலையில் சொல்லி என்ன பயன்? ஒரு கிழமைக்கு முன்னால், மாமி பின்னேரத் தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள்.