கேள்வி பதில்: சுவரில் ஒன்று, கடிதத்தில் ஒன்று

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் ‘தயங்காமல் பேசுங்கள்’ என்று சுவரெங்கும் எழுதியிருக்கிறார்கள், பழுதைச் சுட்டிக்காட்டியவருக்கோ காரணம் கோரும் கடிதம் வருகிறது. நிறுவனப் பண்பாட்டால் ஏதேனும் மாறுமா?
— ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: மாறும். ஆனால் உங்கள் நிறுவனத்தின் பண்பாட்டைச் சொல்வது சுவர் அன்று, அந்தக் கடிதமே.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில், ஓயாத தகராறுகளுக்கும் பணிக்கு வராமைக்கும் பெயர்பெற்ற ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டு, 1984இல் டொயோட்டாவுடன் கூட்டு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் பழையவர்கள், தொழிற்சங்கமும் அதுவே. ஆயினும், பழுதைக் கண்ட எவரும் உற்பத்தி வரிசையருகே உள்ள எச்சரிக்கைக் கயிற்றை இழுத்து உதவி கோரலாம், தேவையெனில் அந்த வரிசையே நிற்கலாம், அதற்காக எவரும் தண்டிக்கப்படமாட்டார் என்ற நிலை வந்தபின், தரம் வெகுவாக உயர்ந்தது. பணிக்கு வராமையும் குறைந்தது. இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகளுக்குக் கொண்டுசென்றபோது பலன் எளிதில் கிட்டவில்லை. உற்பத்தி எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்பட்ட மேலாளர்கள் வரிசையை நிறுத்த மனம் வைப்பார்களா, என்ன!

ஆகவே, அடுத்த கூட்டத்தில் பண்பாட்டைப் பற்றிப் பேசாமல், சென்ற மாதம் தெரிவிக்கப்பட்ட பழுதுகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன, எத்தனைக்குக் கடிதம் அனுப்பப்பட்டது என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம். சக ஊழியர் ஓரிருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.