விதி எண்ணுக்கு ஏன் இத்தனை சண்டை? நாடாளுமன்ற அலுவல் பட்டியல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2023 ஜூலையில் மணிப்பூர் பற்றி விவாதிக்க இரு தரப்புமே தயார் என்றார்கள். பிறகு ஏன் மாநிலங்களவை நாள்கணக்கில் முடங்கியது? 267, 176 என்ற எண்களில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், தென்காசி)

இரண்டும் மாநிலங்களவையின் நடைமுறை விதிகள். விதி 176 என்பது குறுகிய கால விவாதம். ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுக்க, இன்னும் இருவர் கையெழுத்திட்டால் போதும். அதிகபட்சம் இரண்டரை மணி நேரம் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், அத்துடன் முடிந்துவிடும். தீர்மானமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. அலுவல் பட்டியலில் (அன்று அவை எடுக்கவிருக்கும் வேலைகளின் பட்டியல்) உள்ள மற்ற வேலைகள் எதுவும் தள்ளிப்போகாது. அரசு இதைத்தான் ஒப்புக்கொண்டது.

267 அடிப்படையில் ஒரு விவாத விதியே அல்ல. வேறொரு விதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கோரும் விதி அது. கோரிக்கை ஏற்கப்பட்டால் அன்றைய வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுக்கலாம். எதிர்க்கட்சிகள் கேட்டது அந்த முன்னுரிமையைத்தான். ஆனால் 2000-ல் இந்த விதிக்குள் ஒரு நிபந்தனை வந்தது: கோரிக்கை அன்றைய பட்டியலில் உள்ள அலுவலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத விஷயத்துக்கு 267 நோட்டீஸ் கொடுத்தால், இந்த ஒரு வரியைக் காட்டியே அவைத் தலைவர் தள்ளிவிட முடியும். எந்த விதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று நோட்டீஸில் குறிப்பிடாமல் விடுவது இன்னொரு பிழை. அவசரத்தில் எழுதும் நோட்டீஸ்கள் பல இதனாலேயே விழுகின்றன. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதம் 267-ன் கீழ் எடுக்கப்பட்டது. அவைத் தலைவர் மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

மக்களவையில் இதற்கு, அன்றைய வேலையை ஒதுக்கிவைத்து அவசர விஷயத்தைப் பேசும் ஒத்திவைப்புத் தீர்மானம் இருக்கிறது. காலை 10 மணிக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சபாநாயகர் இசைந்த பின் அவையில் எதிர்ப்பு எழுந்தால், ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். குறைந்தது 50 பேர் இருந்தால் அனுமதி கிடைக்கும். அரசைக் கண்டிக்கும் தன்மை அதற்கு உண்டு. அரசு பொறுப்பேற்பது மக்களவைக்கு மட்டுமே என்பதால் மாநிலங்களவைக்கு அந்த ஆயுதம் தரப்படவில்லை. அங்குள்ளவர்கள் 267-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

2012-ல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றியும், எந்த விதியில் விவாதிப்பது என்று இதே இழுபறி. குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் சில நாள்கள் அதில் வீணாகின. கடைசியில் வாக்கெடுப்புக்கு இடம் தரும் விதி 184-க்கு அரசு சம்மதித்தது. டிசம்பர் 5-ல் மக்களவையில் 253-218 என்று வென்றது. பெரும்பான்மை உள்ள அரசு வாக்கெடுப்புக்கு அஞ்சத் தேவையில்லை. முதல் நாளே சம்மதித்திருந்தால் அத்தனை நாளும் மிச்சமாகியிருக்கும். 2023-லும் மக்களவை எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்த பிறகே, ஆகஸ்ட் 8 முதல் 10 வரை முழு விவாதம் நடந்தது.

பட்டியலில் இல்லாத மசோதா திடீரென்று எப்படி அவைக்கு வருகிறது? (வாசகி, கும்பகோணம்)

துணை அலுவல் பட்டியல் வழியாக. பட்டியலில் இல்லாத வேலையை சபாநாயகர் அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்று மக்களவை விதி 31 சொல்கிறது. அந்த அனுமதியோடு வரும் கூடுதல் தாள்தான் துணைப் பட்டியல். 2023 செப்டம்பர் 19-ல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா இப்படித்தான் வந்தது. 'எங்களிடம் பிரதியே இல்லை' என்று எதிர்க்கட்சியினர் எழுந்தார்கள். 'துணைப் பட்டியலோடு கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது' என்று பதில் வந்தது.

அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே மசோதாவின் பிரதி உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சபாநாயகரின் நிலையான உத்தரவு. உரிய காரணம் காட்டினால் அவரே அதைத் தளர்த்தலாம். கஷ்டம் வேறோர் இடத்தில் வருகிறது. அறிமுகத்தையே எதிர்க்க விரும்பும் உறுப்பினர், விதி 72-ன் கீழ் அன்று காலை 10 மணிக்குள் நோட்டீஸ் தர வேண்டும். துணைப் பட்டியலே 10 மணிக்குப் பிறகு வந்தால் அவர் என்ன செய்வார்? சபாநாயகரின் தயவை நம்பி எழுந்து நிற்பதைத் தவிர வழியில்லை. துணைப் பட்டியல் வெளியாகும் நேரத்துக்கு ஒரு கெடு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டியலைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமைச்சர் பெயருக்கு எதிரே 'மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருவார்' என்றும், அதன் கீழே 'மசோதாவை அறிமுகமும் செய்வார்' என்றும் இருந்தால் அன்று அறிமுகம் மட்டுமே. 'பரிசீலனைக்கு எடுக்கக் கோருவார்', 'நிறைவேற்றவும் கோருவார்' என்று இருந்தால் அன்றே மசோதாவை அந்த அவையில் நிறைவேற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். செய்தித்தாள்கள் இந்த வித்தியாசத்தை அடிக்கடி தவறவிடுகின்றன.

அவை நேரத்தை நீட்டிக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டுமா? (வாசகர், ஓசூர்)

'அவையின் கருத்து' அறிந்து நீட்டிப்பது மரபு. ஒருமனதாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பெரிய தகராறுகள் இங்கிருந்தே கிளம்பும். 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்களின்போது மாநிலங்களவை பிற்பகல் 1 மணிக்கு முடிய வேண்டியது. மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றது எதிர்க்கட்சி. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நேரத்தை நீட்டித்தார். மசோதாவை விரிவாக ஆராயத் தேர்வுக் குழுவுக்கு (உறுப்பினர்கள் அடங்கிய குழு) அனுப்பக் கோரிய திருச்சி சிவா உள்ளிட்டோர் டிவிஷன் (வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு) கேட்டார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். உறுப்பினர் தன் இருக்கையில் இருந்து கேட்டால்தான் டிவிஷன் என்றார் துணைத் தலைவர். இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்றார்கள் அவர்கள். எத்தனை கூச்சல் இருந்தாலும் இருக்கையை விட்டு நகராமல் கேட்பதுதான் உறுப்பினருக்குப் பாதுகாப்பு. அவைத் தலைவரின் இருக்கைக்கு முன்னால் உள்ள நடுப்பகுதியில் இறங்கிவிட்டால் அந்த உரிமை கைநழுவிப்போகும்.

நேரமில்லா நேரத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாமா? (வாசகி, விருதுநகர்)

எழுப்பினாலும் நிற்காது. நேரமில்லா நேரம் என்பது பட்டியலில் இல்லாத அவசர விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்பும் நேரம்; அப்போது அவை முன் முறையான அலுவல் எதுவும் இல்லை. ஒழுங்குப் பிரச்சினை என்பது விதி மீறப்படுகிறது என்று எழுப்பும் ஆட்சேபம்; அது அந்த நொடியில் அவை முன் உள்ள அலுவலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஓர் அலுவல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், அவையில் ஒழுங்கைக் காப்பது அல்லது அலுவல்களின் வரிசை பற்றி சபாநாயகர் அனுமதியோடு எழுப்ப மட்டும் விலக்கு உண்டு (மக்களவை விதி 376). தகவல் கேட்கவோ, தன்னிலை விளக்கம் தரவோ ஒழுங்குப் பிரச்சினையைப் பயன்படுத்தக் கூடாது. எழுந்ததும் தலைவர் கேட்கும் முதல் கேள்வி 'எந்த விதி?' என்பதுதான். முதலில் எண், அடுத்து அது எப்படி மீறப்படுகிறது என்று ஒரே வாக்கியம். முன்னுரையோடு தொடங்கினால் எண்ணைச் சொல்வதற்குள் மைக் அணைந்துவிடும்.