லண்டனில் ஒரு சீக்கியக் கல்யாணம் – கடிதம்

வணக்கம். மகளின் அலுவலகத் தோழிக்கு ஜூனில் லண்டன் சவுத்தாலில் கல்யாணம். எங்களையும் அழைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் இருப்போம். டவர் ஆஃப் லண்டன், லண்டன் ஐ, மேடம் டுசாட்ஸ், ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்க ஆசை. குருத்வாரா சடங்கு காலையில், மொழியும் புரியாது, எனக்கு முட்டி வலி வேறு. அன்று பகலில் ஸ்டோன்ஹெஞ்ச் போய்விட்டு மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் போகலாமா? என்ன பரிசு கொடுக்கலாம்?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பரிசை மகளிடம் கேளுங்கள். மெழுகு பொம்மைகளை விட்டுவிடலாம். லண்டன் ஐ உங்கள் விருப்பம்.

ஆனால் ரிசப்ஷனுக்கு மட்டும் போகலாமா என்று கேட்டீர்களே, அதில் எனக்குக் கோபம்தான் வந்தது. தாலி கட்டும்போது எட்டிப் பார்க்காமல் நேராகப் பந்திக்கு வந்து உட்காருகிறவரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோமே என்ற வருத்தம் கொஞ்ச நாளாகவே எனக்கு உண்டு. உங்களை ஒரு குடும்பம் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் காலையை எந்தச் சுற்றுலாக்காரரும் உங்களுக்கு விற்க முடியாது.

அங்கே என்ன நடக்கும் தெரியுமா? ஆனந்த் காரஜ் என்பார்கள். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப் முன்னால் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை தோளில் கிடக்கும் பல்லா என்ற துணியின் முனையை எடுத்து மகள் கையில் கொடுப்பார். நான்காம் குருவான ராம்தாஸ் பாடிய நான்கு லாவான்களை, அதாவது கல்யாணப் பாடல்களை, நூலை வாசிக்கும் கிரந்தி ஒவ்வொன்றாக வாசிப்பார், வாசித்ததை ராகிகள் என்ற பாடகர்கள் பாடுவார்கள், பாட்டு முடிவதற்குள் மணமக்கள் கிரந்தத்தை ஒருமுறை வலம் வருவார்கள். பெண்ணின் அண்ணன் தம்பிகள் வழியில் நின்று அவளைத் தாங்கி ஒருவர் அடுத்தவரிடம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு சொல்வது உயிர் இறைவனோடு படிப்படியாகச் சேர்வதை. நாயகி பாவத்தில் உருகிய பக்தர்களின் மொழியில் பிறந்த நமக்கா இது புரியாது?

சவுத்தாலில் இப்படி ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். லங்கர் என்ற குருத்வாரா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஐம்பதுகளில் ரப்பர் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர். முடியை வெட்டினால்தான் வேலை என்றார்களாம், வெட்டினேன் என்றார். அன்று அவர் பேரனுக்குத்தான் கல்யாணம். அவன் தலைப்பாகையை இவரே கட்டிவிட்டிருந்தார். அதைச் சொல்லும்போது ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த ஊர் லேசில் அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. 1976-ல் குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயதுப் பையனை அங்கே தெருவில் குத்திக் கொன்றார்கள். தலைப்பாகையோடு ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சட்டம் சம்மதித்ததும் அதே வருடம்தான். 1979 ஏப்ரலில் இனவெறிக் கட்சியின் கூட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டபோது பிளேர் பீச் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் உயிரை விட்டார். இன்று ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் பஞ்சாபி மொழியின் குர்முகி எழுத்து இருக்கிறது. அந்த ஊர்ச் சீக்கியர்களின் குரு சிங் சபா 2003-ல் பெரிய குருத்வாராவைத் திறந்தது.

டவருக்குக் கட்டாயம் போங்கள், கல்யாணத்துக்கு முன்பே போங்கள். அங்கே கிரீடத்தில் இருக்கும் கோஹினூர் வைரம், 1849-ல் ஆங்கிலேயர் பஞ்சாபைப் பிடித்தபோது பத்து வயது மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கியது. குழந்தையிடம் என்ன ஒப்பந்தம்? அதைப் பார்த்துவிட்டு சவுத்தாலுக்குப் போனால், உங்களை வாசலில் கைகூப்பி வரவேற்கிறவர்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

முட்டி வலிக்குக் கவலை வேண்டாம், பெரும்பாலும் ஓரமாகப் பெஞ்சு போட்டிருப்பார்கள், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தரையில் உட்கார முடிந்தால் கிரந்தத்தின் பக்கம் காலை நீட்டாதீர்கள். தலையை மூட ஒரு துணி வேண்டும். சிகரெட் பழக்கம் இருந்தால் பாக்கெட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை இரண்டு கையையும் ஏந்தி வாங்குங்கள். அப்புறம், நான்காவது லாவான் முடிகிறவரை உங்கள் மகள் போனை வெளியே எடுக்கக்கூடாது.