அடுக்கு கொலாஜ் என்றால் என்ன? தட்டையான காகிதத்தில் ஆழம் எப்படி வருகிறது?

வண்ணம் தீட்டிய காகிதங்களை வெட்டி, ஒன்றின் முன் ஒன்றாக இடைவெளி விட்டு ஒட்டுவதுதான் அடுக்கு கொலாஜ். 'ஒட்டுவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912-இல் ஓவியத்துக்குள் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள்.

ஆழத்தைத் தருவது அந்த இடைவெளிதான். ஜன்னல் வழியே பார்த்தபடி தலையை லேசாக அசைத்துப் பாருங்கள். கம்பி நிறைய நகரும், மரம் கொஞ்சம் நகரும், தூரத்து மலை அசையவே அசையாது. அடுக்குகளுக்குள்ளும் இதுவேதான் சிறிய அளவில் நடக்கிறது. கூடவே, முன்னால் இருக்கும் காகித இலை பின்னால் உள்ள காகிதத்தில் நிஜமான நிழலை விழவைக்கிறது. அந்த மெல்லிய நிழல்கோட்டை முதன்முதலில் பார்க்கும் மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முதலில் வண்ணம், நன்றாகக் காய்ந்த அப்புறம் கத்தரி. ஈரக் காகிதம் ஒரு பக்கம் மட்டும் ஊறிச் சுருண்டுகொள்ளும். பின்னணிக்கு வெளிறிய நீலம், முன்னணிக்கு அழுத்தமான நிறம் என்று வைத்தால் தூரம் இன்னும் கூடும். அடுக்குகளுக்கு நடுவே அட்டைத் துண்டுகளை முட்டுக்கொடுங்கள். 5 மில்லிமீட்டர் உயரமே போதும். அவை வெளியே தெரியாதபடி ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டுங்கள்.

அடுக்குகள் கூடக்கூட ஆழமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் பத்துத் தாள்களை ஒட்டினாலும் கிடைப்பது ஒரு தடித்த அட்டைதான்.