விழுந்துவிடுவார் என்று அம்மாவை உட்கார வைத்துவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதங்களுக்கு முன், இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் கட்டிலருகிலேயே விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. அதன்பின் அவரை நடமாடவிடாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறோம். ஆனாலும் நடை நாளுக்கு நாள் தளர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா மீதுள்ள அக்கறையால்தான் அவரை உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆனால் நடை தளர்வதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். முதுமையில், பயன்படுத்தாத கால்களின் தசை விரைவில் வற்றிவிடும்; அடுத்த முறை எழும்போது உடலைத் தாங்க அந்தக் கால்களுக்கு வலு இருக்காது. ஆகவே அவர் நடக்கட்டும், தொடக்கத்தில் நீங்கள் உடன் இருங்கள்.

அவர் எழுந்த உடனேயே விழுந்தார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். நீங்கள் குறிப்பிட்ட இரு வகை மாத்திரைகளுமே விழும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தத்தை அளந்து, பின்பு நிற்க வைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எழுவதற்கு முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைச் சிறிது நேரம் மேலும் கீழும் அசைத்துவிட்டு நிற்க அவரைப் பழக்குங்கள்.

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எளிய பயிற்சிதான், ஆனால் கால்களுக்கு நல்ல வலுவைத் தரும். முடியாவிட்டால் முதலில் ஊன்றிக்கொள்ளட்டும். இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்துப் பயிற்சிகளை வகுத்துத் தருவது இன்னும் நல்லது.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும்; வழியில் கிடக்கும் மிதியடியையும் ஒயரையும் அகற்றிவிடுங்கள். கழிப்பறையில் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுகிறாரா என்று கவனியுங்கள். அது உடல் எடையைத் தாங்காமல் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்பதால், சுவரில் ஆழப் பதித்த கைப்பிடி அவசியம்.

மறுபடி விழ நேர்ந்தால் பதறிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.