ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: துடிப்பு ஒழுங்கானால் வார்ஃபரினை நிறுத்தலாமா?

அம்மாவுக்கு 61 வயது, இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கிற நோய், என்று கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேகத்தைக் குறைக்கும் குளிசை போதுமா, துடிப்பையே ஒழுங்காக்கும் சிகிச்சை கேட்க வேண்டுமா, ஒழுங்கானால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை விடலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நீங்களாக விடவே கூடாது. என் அப்பா விட்டார்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். காலபோக வெட்டு நேரம் அப்பா வரம்பில் குந்திவிட்டார். நெஞ்சுக்குள் கோழி செட்டை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தரம் அவசரமாக அடித்தது, நின்றது, மெல்லமாக ஒன்று, பிறகு நாலைந்து ஒன்றாக. ஈ.சி.ஜி.யில் நிமிடத்துக்கு 140.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஓடாத வாய்க்கால் மூலையில் பாசி பிடிப்பது போல, இடது மேலறையின் சிறு பை ஒன்றில் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

எப்போது தொடங்கியது என்று அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. 48 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தால் உள்ளே கட்டி இருக்கலாம், துடிப்பை ஒழுங்காக்க உடனே நெஞ்சில் மின்சார ஷொக் கொடுத்தால் அது கிளம்பிவிடும். அதனால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை அளவு) 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும்படி மூன்று கிழமை வார்ஃபரின் கொடுத்த பிறகுதான் யாழ்ப்பாணத்தில் செய்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தவர், "எப்ப செய்யப் போகினம்?" என்று கேட்டார். நெஞ்சில் பட்டை ஒட்டியிருந்த இடம் மட்டும் சிவந்திருந்தது. துடிப்பு 72, ஒரே சீர். நான் அழுதுவிட்டேன்.

துடிப்பு திரும்பக் குழம்பாமலிருக்க அமியோடரோன் தந்தார்கள். தைரொயிட்டையும் ஈரலையும் இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலும் ஒத்துக்கொள்ளாது, வயல்காரருக்கு அது பெரிய சங்கடம். வார்ஃபரினின் வேலையையும் கூட்டிவிடும், ஆகவே அதன் அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

ஆறு மாதம் சுகமாக இருந்தார். சுகம்தானே, பிறகேன் மாதா மாதம் ஐ.என்.ஆர். பார்க்க ஊசி குத்தி ஒரு நாள் வேலையைக் கெடுப்பான் என்று வார்ஃபரினை நிறுத்திவிட்டார். எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு இரவு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வலக்கையிலிருந்து தம்ளர் நழுவியது. எடுக்கப் பார்த்தார், விரல் மடியவில்லை. என் பெயரைச் சொல்ல வந்து நாக்குக் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது, எங்கள் நல்ல காலம். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தால் நாடி மறுபடி குழம்பியிருந்தது. இந்தத் தடவை அவருக்கு நெஞ்சு படபடக்கவே இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 2002இல் வெளிவந்த அஃபர்ம் ஆய்வும் இதையே காட்டியிருக்கிறது. 4060 பேரைப் பார்த்தார்கள். துடிப்பை ஒழுங்காக்கியவர்களுக்கும் வேகத்தை மட்டும் குறைத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசமில்லை. பாரிசவாதம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். 2க்குக் கீழே இருந்தவர்கள்.

அப்படியென்றால் துடிப்பை ஒழுங்காக்கும் சிகிச்சையே வேண்டாமா? வேண்டும், அதுவும் நேரத்தோடு. 2020இல் வந்த ஈஸ்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்கு இதய நோயால் வரும் மரணமும் பாரிசவாதமும் குறைந்தன. அவர்களில் பெரும்பாலானோர் உறைவைத் தடுக்கும் மருந்தை விடவில்லை. அம்மாவுக்கு இரண்டு மாதம்தானே, இப்போதே டொக்டரிடம் கேளுங்கள். நாள் போகப் போக மேலறை வீங்கி, திருப்புவது கடினமாகும்.

நுரையீரல் நாளங்கள் மேலறையில் சேரும் வாயைச் சுற்றிச் சுட்டு, அங்கிருந்து வரும் குழப்பமான மின் துடிப்பைத் தடுக்கும் அப்லேஷனும் இருக்கிறது. கொழும்பு வரை போக வேண்டி வரலாம். அதற்குப் பிறகும் குறைந்தது இரண்டு மாதம் வார்ஃபரின் தொடரும். அப்பால் தொடர்வதா என்பதை வயது, பிரஷர், சீனி, முன்பு பாரிசவாதம் வந்ததா என்பவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள், நாடி சீராக அடிக்கிறதே என்று அல்ல. கீரையிலுள்ள விட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். முருங்கையிலை, பொன்னாங்காணி சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை அளவு மாறக்கூடாது.

எக்கோ (இதய ஸ்கான்) ரிப்போர்ட்டில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் அந்த வால்வு நன்றாகச் சுருங்கியிருந்தால் உறைவைத் தடுக்கும் புதிய மாத்திரைகள் சரிவராது, வார்ஃபரின்தான். அதைத் தெரிந்துகொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ஐ.என்.ஆர். எழுதும் கிளினிக் கொப்பியை அம்மாவிடம் விடாமல் நீங்களே வைத்திருங்கள்.