புல்பென்னில் காத்திருப்பவர்: தென்னாப்பிரிக்க வாசகர்களின் பேஸ்பால் கேள்வி – பதில்

பேஸ்பாலில் நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும் பிட்சரை (பந்து எறிபவரை) எடுத்துவிட்டு இன்னொருவரைக் கொண்டுவருகிறார்களே, நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்று ஒரு பவுலரை வைத்திருப்பது போலவா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பாதிதான் சரி. கிரிக்கெட்டில் பந்தை வாங்கிவிட்டாலும் பவுலர் ஃபீல்டிங் செய்வார், பிறகு வந்து மறுபடியும் போடுவார். பேஸ்பாலில் மாற்றப்பட்டவர் அன்றைக்கு ஆட்டத்தை விட்டே வெளியே. ஆரம்ப பிட்சரை ஒரே பேட்டர் மூன்றாவது முறை சந்திக்கும்போது அவருடைய பந்துகளெல்லாம் பழகிப்போயிருக்கும். கையும் தொண்ணூறு, நூறு பந்துகளில் தளர்ந்திருக்கும். இடையில் வரும் ரிலீஃப் பிட்சருக்கு வேலை ஒரு இன்னிங்ஸ், அதாவது மூன்று பேர் அவுட் ஆகும் வரை, பதினைந்து இருபது பந்து. பலத்தை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை, நல்ல பந்து இரண்டு வகை கைவசம் இருந்தாலே போதும். நியூயார்க் யாங்கீஸின் மாரியானோ ரிவேரா பெரும்பாலும் கட்டர் என்ற, கடைசியில் சற்றே விலகும் ஒரே பந்தை வைத்துக்கொண்டு 652 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்தால் கிடைக்கும் கணக்கு) எடுத்தார். ஒரே ஒரு பேட்டருக்காக இடக்கைக்காரரைக் கொண்டுவரும் பழக்கம் 2020-இல் முடிந்தது. இப்போது வருகிறவர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும்.

உள்ளே வருமுன் எவ்வளவு நேரம் கையைச் சூடாக்குவார்கள்?
– ஃபீனிக்ஸ் வாசகர்

இந்தத் தொழிலின் கஷ்டமே இங்கேதான். நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸில் எழுந்து தோளுக்கு ரப்பர் பட்டை இழுப்பார்கள். கோச்சிடமிருந்து புல்பென்னுக்கு (மாற்று பிட்சர்கள் காத்திருந்து கையைச் சூடாக்கும் இடம்) ஃபோன் வந்ததும் பந்தை எடுப்பார்கள். கேட்சர் நின்றபடி இருக்க, முதல் சில பந்துகள் மெதுவாகப் போகும். பிறகு அவர் குந்தி உட்காருவார்; எட்டுப் பத்து ஃபாஸ்ட்பால், அதன்பின் வளையும் பந்து நான்கைந்து. பழகியவருக்கு மொத்தம் இருபதே அதிகம். அவசரப்பட்டு ஏறினால் உடம்பு முன்னால் போய்விடும், கை பின்தங்கும். முதல் இரண்டு பந்தும் பேட்டர் தலைக்கு மேலே பறக்கும். அதற்குப் பயந்து சீக்கிரமே சூடாகிவிட்டால் வியர்வை ஆறித் தோள் இறுகிவிடும்.

இதைவிட மோசம், சூடான பிறகு “வேண்டாம், உட்கார்” என்பது. இரண்டு இன்னிங்ஸ் கழித்து மறுபடியும் ஃபோன். அந்த நாற்பது பந்து எந்த ஸ்கோர்கார்டிலும் ஏறாது, முழங்கையில் ஏறும். விவரம் தெரிந்த கோச் அதையும் ஒரு ஆட்டமாகவே கணக்கில் வைத்து மறுநாள் ஓய்வு கொடுப்பார். அடுத்தடுத்து இரண்டு நாள் போடுவது சகஜம். மூன்றாவது நாளும் கொடுக்கப் பல அணிகள் யோசிக்கும்.

சேவ் அதிகமாக வைத்திருப்பவர்தான் சிறந்தவரா?
– லெனேசியா வாசகர்

இல்லை. மூன்று ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸுக்கு வந்து இரண்டு ரன் கொடுத்து முடித்தாலும் சேவ் உண்டு. அந்த ஒரு ஆட்டத்துக்கு அவருடைய ரன் சராசரி 18.00. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்பதால், கொடுத்த ரன்னை ஒன்பதால் பெருக்கி, போட்ட இன்னிங்ஸால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும்.

சராசரியும் ஏமாற்றும். 5–3 முன்னிலை, ஒரு அவுட், மூன்று பேஸிலும் முந்தைய பிட்சர் ஏறவிட்ட ஆள். புதிதாக வந்தவர் முதல் பந்திலேயே இரட்டை அடி (பேட்டர் இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) வாங்க, மூவரும் ஓடி வந்துவிடுகிறார்கள். அந்த மூன்று ரன்னும் போனவர் கணக்கு. அணி தோற்றால் தோல்வியும் அவர் பெயரில்தான். வந்தவருக்கு ‘சேவ் கெட்டது’ என்ற குறிப்பு மட்டும், சராசரியில் ஒரு கீறல்கூட இல்லை! ஆகவே, முந்தையவர் விட்டுப்போன ஓட்டக்காரர்களில் எத்தனை பேரை உள்ளே விட்டார் என்ற எண்ணை முதலில் பாருங்கள்.

என் மகனுக்கு 16 வயது, வேகப்பந்து வீசுகிறான். பிட்சர் ஆக முடியுமா? நம் நாட்டவர் யாராவது ஆகியிருக்கிறார்களா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

ஆகியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆள் நம் கிஃப்ட் என்கோப்பே, 2017-இல். அவர் பிட்சர் அல்ல. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த டெய்லர் ஸ்காட் ரிலீஃப் பிட்சர். 2011-இல் ஷிகாகோ கப்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. மேஜர் லீக்கில் பிட்சர் மேட்டில் ஏற 2019 ஆயிற்று, அதுவும் சியாட்டிலுக்காக. பிறகு பால்டிமோர், ஜப்பானில் ஹிரோஷிமா என்று அலைந்து, 2024-இல் ஹூஸ்டனில்தான் நிலையான இடம். இந்தத் தொழிலில் வழக்கமான பாதை இதுதான் அம்மா.

மகன் கற்றதில் தோள் பலமும் உடம்பைத் திருப்பும் வாகும் உதவும். மற்றது புதிது. ஓடிவர இடமில்லை, பத்து அங்குல மேட்டில் நின்று 18.44 மீட்டருக்கு, தரையில் படாமல், முழங்கையை மடக்கி எறிய வேண்டும். பந்தும் 142–149 கிராம்தான், கிரிக்கெட் பந்தைவிட லேசு. ஆனால் பாரம் முழங்கையின் உள்பக்கத் தசைநாரில் விழும். அது கிழிந்து அறுவை செய்தால் மறுபடி போட 12 முதல் 18 மாதம். அமெரிக்காவில் 15–16 வயதுக்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு நாளைக்கு 95 பந்து. 76-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாட்களில் வலையில் பவுலிங் போட்டால் அது ஓய்வே அல்ல. பையன்கள் இங்கேதான் ஏமாற்றுவார்கள், கவனியுங்கள்.

சம்பளம்?
– டோங்காட் வாசகர்

2025-இல் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 7,60,000 டாலர். ஆனால் மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் நாளுக்குத்தான் அந்தக் கணக்கு. புல்பென் களைத்தால் புதுக் கையை வரவழைத்து, இளையவர் ஒருவரைச் சின்ன லீக்குக்கு அனுப்புவார்கள். ஒரே பருவத்தில் ஐந்து முறை அப்படி அனுப்பலாம். போன பிட்சரை, யாருக்கும் காயம் இல்லையென்றால், 15 நாள் கழித்தே திரும்ப அழைக்க முடியும்.

எத்தனை மணிக்குப் பார்ப்பது?
– வெருலம் வாசகர்

நியூயார்க் இரவு ஆட்டம் அமெரிக்கக் கோடையில் நமக்கு அதிகாலை ஒரு மணிக்குத் தொடங்கும். ரிலீஃப் பிட்சர்களை மட்டும் பார்க்க மூன்றுக்கு அலாரம் வையுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டம் என்றால் காலைத் தேநீரோடு ஆறு மணிக்கே பார்த்துக்கொள்ளலாம்.